துணைக்கு டிஸ்க் வாங்குகிறீர்களா? எறியப் போகிறவள் பக்கத்திலிருந்து சில வார்த்தை

டிஸ்க் கால்ஃப் ஆடுகிறவர்கள் தங்கள் மனைவியையோ கணவரையோ கூட ஆடக் கூட்டிப்போக ஆசைப்பட்டால், முதல் வேலையாக டிஸ்க் வாங்கிக் கொடுத்துவிடுவார்கள். என்ன வாங்கலாம் என்று வாங்கிக் கொடுப்பவர்கள் சொல்லும் யோசனைகளுக்குக் குறைவே இல்லை. வாங்கிக்கொண்டவர்கள் வாயைத் திறந்து நான் கேட்டதில்லை. நான் வாங்கிக்கொண்டவள். கையில் வந்த டிஸ்க் சரியில்லை என்று தெரியாமல், என் கைதான் சரியில்லை என்று நினைத்தபடி ஒரு சீசனையே ஓட்டினேன். தோள்வலி வந்தது, வீட்டில் சின்னச் சின்னச் சண்டை வந்தது, நல்ல விலை கொடுத்து வாங்கியவை புதரிலும் குளத்திலும் போயின. அப்போது யாராவது ஒரு பத்து நிமிடம் உட்கார்ந்து இதையெல்லாம் சொல்லியிருக்கலாம்.

என் கணவர் பல வருடமாக நண்பர்களோடு ஆடுகிறார். சங்கிலி தொங்கும் இரும்புக் கூடைக்குள் குறைந்த எறிகளில் தட்டைப் போட வேண்டும், ஆட்டம் அவ்வளவுதான். ஆனால் அவர் பையைத் திறந்தால் டிஸ்க் மேல் டிஸ்க்காக வரும், ஒவ்வொன்றுக்கும் ஒரு கதை இருக்கும். என் பிறந்தநாளுக்கு எனக்கும் அதே மாதிரி ஒரு பை கொடுத்தார். உள்ளே அவருக்கு உயிரான டெஸ்ட்ராயர் என்ற டிஸ்க், அதே ரகத்தில் இன்னும் மூன்று டிஸ்டன்ஸ் டிரைவர் (வெகுதூரம் எறிவதற்கான தட்டு), ஒரு புட்டர். எல்லாமே விலை கூடிய பிளாஸ்டிக், எல்லாமே 170 கிராமுக்கு மேல். கஞ்சத்தனம் பண்ணினார் என்று யாரும் சொல்ல முடியாது. தனக்கு எது உசத்தியோ அதையே எனக்கும் தேடி வாங்கியிருந்தார். சிக்கலே அங்கேதான்.

டெஸ்ட்ராயரை எறிந்தால் மூக்கைத் தூக்கிக்கொண்டு மேலே போகும். ஒரு கணம் அப்படியே நிற்கும். அப்புறம் இடது பக்கமாகச் சரிந்து பொத்தென்று விழும். மெதுவாக எறிந்தாலும் அதேதான், பல்லைக் கடித்துக்கொண்டு எறிந்தாலும் அதேதான். "இன்னும் வேகமா இழு", "மணிக்கட்டை விடாதே", "இடுப்பைத் திருப்பு" என்று அவர் பக்கத்தில் நின்று சொல்லிக்கொண்டே இருப்பார். அவர் சொன்னதில் தப்பு ஒன்றுமில்லை, எல்லாம் சரியான பாடம்தான். ஆனால் ஒரு எறிக்கு மூன்று பாடம் என்றால் எதைக் கேட்பது? பின்னால் அடுத்த குழு டீயில், அதாவது எறியத் தொடங்கும் இடத்தில், வந்து காத்திருக்கும். நல்ல மனிதர்கள், கைதட்டி உற்சாகப்படுத்துவார்கள். முப்பது மீட்டரில் விழுந்த தட்டுக்குக் கைதட்டல் வாங்குவதைவிட எல்லாரும் சும்மா இருந்திருக்கலாம் என்று தோன்றும்.

வேகமாக இழுத்து இழுத்துத் தோளும் முழங்கையும் வலிக்க ஆரம்பித்தன. ஞாயிற்றுக்கிழமை வந்தால் தலைவலி என்று படுத்துக்கொள்வேன். அவருக்கும் புரிந்துவிட்டது, கேட்பதை நிறுத்திவிட்டார். அதுவும் எனக்கு வருத்தமாகத்தான் இருந்தது.

தொலைந்தவை தனிக்கணக்கு. கரும்பச்சை நிறத்தில் ஒன்று இருந்தது. கடையின் வெளிச்சத்தில் பார்க்க அவ்வளவு அழகு. ஒரு சரிவில் புதருக்குள் போனது, குச்சியால் கிளறிக் கிளறி ஒரு மணி நேரத்துக்கு மேல் தேடினோம், கிடைக்கவில்லை. ஊடுருவித் தெரியும் நீலத்தில் இன்னொன்று, அது குளத்துக்குள் இறங்கியது. டிஸ்க்குகளில் பெரும்பாலானவை தண்ணீரில் மிதக்காது. இன்னோவா நிறுவனத்தின் டிராகன் மாதிரி மிதப்பதற்கென்றே செய்த சில இருக்கின்றன என்பதெல்லாம் பிறகு தெரிந்துகொண்டது. ஆகவே இந்த இடத்திலேயே சொல்லிவிடுகிறேன்: புதிதாக ஆடுகிறவருக்கு வாங்கும்போது பச்சை, பழுப்பு, கறுப்பு, கண்ணாடி மாதிரித் தெரிகிற நிறங்கள் எதுவும் வேண்டாம். பளீரென்ற இளஞ்சிவப்பு அல்லது ஆரஞ்சு. பெண்களுக்குப் பிடிக்கும் என்பதற்காக அல்ல, புல்லிலும் சருகிலும் அது ஒன்றுதான் கண்ணில் படும். உள்பக்கம் அழியாத மையில் பெயரையும் போன் நம்பரையும் எழுதி வையுங்கள். கண்டெடுத்தவர் கூப்பிட்டுக் கொடுப்பது இந்த ஆட்டத்தில் சகஜம்.

ஒருநாள் நீளமான ஒரு ஹோலில் (ஒரு டீயிலிருந்து அதன் கூடைவரை ஒரு ஹோல்), டிரைவரை எடுக்கவே வெறுப்பாக இருந்தது. எப்படியும் விழத்தான் போகிறது, எதை எறிந்தால் என்ன என்று டீயிலிருந்தே புட்டரை எறிந்தேன். புட்டர் என்பது கூடைக்குப் பக்கத்தில் வந்ததும் எடுக்கிற மெதுவான தட்டு, டீயில் நின்று அதை எறிந்தால் மற்றவர்கள் ஒரு மாதிரிப் பார்ப்பார்கள். நான் அலட்டிக்கொள்ளாமல் எறிந்த எறி அது. தட்டு தரைக்கு இணையாகக் கிளம்பி, எந்தப் பக்கமும் சாயாமல், நேராக மிதந்து போய் மெதுவாக இறங்கியது. போய்ப் பார்த்தால் என் டிரைவர்கள் வழக்கமாக விழுகிற இடத்தைத் தாண்டிக் கிடந்தது. அவர், "அட, காத்து நல்லா தூக்கிவிட்டிருக்கு" என்றார். காற்றே இல்லை. அடுத்த ஹோலிலும் அதையே எறிந்தேன், அங்கேயும் நேராகத்தான் போனது. அன்று இரவு பையைக் கவிழ்த்து, ஒவ்வொரு டிஸ்க்கின் மேலும் அச்சடித்திருந்த எண்களை முதல்முறையாக உட்கார்ந்து படித்தேன்.

நான்கு எண்கள் இருக்கும்: ஸ்பீட், கிளைடு, டர்ன், ஃபேட். டெஸ்ட்ராயரில் 12, 5, -1, 3. முதல் எண்ணில்தான் எல்லாரும் ஏமாறுகிறார்கள். ஸ்பீட் 12 என்றால் அந்தத் தட்டு வேகமாகப் பறக்கும் என்று கடைசிவரை நினைத்திருந்தேன். நீங்கள் அந்த வேகத்தில் எறிந்தால்தான் அது பறக்க வேண்டியபடி பறக்கும் என்பதுதான் பொருள். வேகத்தைத் தட்டு கொடுக்காது, கைதான் கொடுக்க வேண்டும். கிளைடு, எவ்வளவு நேரம் மிதக்கும் என்பது. டர்ன், வேகமாகப் போகும்போது வலப்பக்கம் எவ்வளவு சாயும் என்பது, மைனஸ் கூடக்கூடச் சாய்வு கூடும். ஃபேட், வேகம் செத்த பிறகு இடப்பக்கம் எவ்வளவு இழுக்கும் என்பது. வலக்கையால் பேக்ஹேண்ட், அதாவது கையை உடம்புக்குக் குறுக்கே இழுத்து வெளிப்பக்கமாக வீசி, எறிகிறவருக்கு இந்தக் கணக்கு. இடக்கைக்காரர்கள் வலதை இடதாக மாற்றிப் படிக்க வேண்டும்.

இப்போது என் எறியைப் பாருங்கள். டெஸ்ட்ராயர் கேட்கிற வேகம் 90, 100 மீட்டர் சாதாரணமாக எறிகிற கையின் வேகம். நான் 40 மீட்டர் எறிந்தால் அன்று நல்ல நாள். அந்த வேகத்தைத் தொடாததால் டர்ன் என்பது வரவே வராது, மிதப்பும் வராது. கையைவிட்டுக் கிளம்பும்போதே அது தளர்ந்த தட்டு. ஆகவே நான்கு எண்களில் எனக்குக் கிடைத்தது கடைசி எண் மட்டும்: இடப்பக்கம் மூன்று. இடுப்பைத் திருப்பினாலும் திருப்பாவிட்டாலும் அது இடப்பக்கம்தான் விழுந்திருக்கும். இதைப் படித்ததும் வந்த முதல் உணர்ச்சி நிம்மதி. அடுத்தது கோபம், அதையும் மறைப்பானேன். தட்டின் முகத்திலேயே எழுதியிருந்த விஷயம், வருடக்கணக்காக ஆடுகிற ஒருவர் கண்ணில்கூடப் படவில்லையே என்று.

அவரைக் குறை சொல்லியும் பயனில்லை. நன்றாக எறிகிறவர்களுக்குத் தங்கள் கையின் வேகம் மறந்துபோய்விடுகிறது. "இப்போது கஷ்டமாக இருந்தாலும் பழகினால் சரியாகிவிடும்" என்ற நினைப்பு வேறு. பிள்ளை வளர்ந்துவிடுவான் என்று இரண்டு சைஸ் பெரிதாகச் சட்டை எடுப்பதைப் போலத்தான் இதுவும். பிள்ளையாவது நிச்சயம் வளர்வான். ஞாயிற்றுக்கிழமை ஒன்பது ஹோல் நடந்துவிட்டு வரலாம் என்று வருகிறவருக்கு 100 மீட்டர் எறிய வேண்டும் என்ற எண்ணமே இல்லாமல் இருக்கலாம். எனக்கு இன்றும் இல்லை. வாங்குவதற்கு முன் அதைக் கேட்டுக்கொள்ளுங்கள். அவர் ஆட வருகிறாரா, உங்களோடு நடக்க வருகிறாரா? இரண்டாவது என்றால் அவருக்கு டிஸ்டன்ஸ் டிரைவர் எப்போதுமே தேவைப்படாது, அதில் கௌரவக் குறைச்சலும் இல்லை.

எண்கள் புரிந்துவிட்ட தைரியத்தில் நானே தனியாக ஒரு கடைக்குப் போனேன். புதிதாக ஆடுகிறேன், நேராகப் போகிற மாதிரி வேண்டும் என்றேன். விற்பனையாளர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "லேடீஸுக்கு இதுதான் மேடம் எல்லாரும் வாங்கிட்டுப் போறாங்க" என்று 150 கிராமுக்கும் குறைவான ஒரு டிஸ்க்கை எடுத்துக் கொடுத்தார். லேசாக இருந்தது, நிறமும் நன்றாக இருந்தது. முதல் எண் 12. கேட்டதற்கு, எடை குறைவு என்பதால் பரவாயில்லை என்றார். அதில் பாதி உண்மை. ஒரே அச்சில் வார்த்த இரண்டு தட்டில் லேசானது மெதுவான கைக்கும் கொஞ்சம் டர்ன் ஆகும், கொஞ்சம் கூடுதலாக மிதக்கும். ஆனால் 12 ஸ்பீட் தட்டை எவ்வளவு லேசாக்கினாலும் அது 6 ஆகிவிடாது. என் கையில் அதுவும் இடப்பக்கம்தான் போனது, பழையதைவிட நாலு அடி தள்ளி. காற்றடித்தால் இன்னும் மோசம், எங்கே போகும் என்று அதற்கே தெரியாது. அந்தப் பணமும் போச்சு. முதலில் ஸ்பீடைக் குறையுங்கள், எடையைக் குறைப்பது அதற்கு அப்புறம்தான்.

எடையைப் பற்றி இன்னும் ஒன்று. பெரிய ஆட்டக்காரர்கள் பையில் ஏன் எல்லாம் 175 கிராமாகவே இருக்கிறது? இந்த விளையாட்டை நிர்வகிக்கும் பிடிஜிஏ, விட்டத்தில் சென்டிமீட்டருக்கு 8.3 கிராம் என்று எடைக்கு உச்சவரம்பு வைத்திருக்கிறது. டிரைவர்களின் விட்டம் 21 சென்டிமீட்டருக்குச் சற்று மேல் இருப்பதால் கணக்கு 175 கிராமுக்குப் பக்கத்தில் வந்து நிற்கும். அந்த உச்சம்வரை எடை இருந்தால் காற்றில் அலையாமல் போகும், போட்டி ஆடுகிறவர்களுக்கு அது வேண்டும். அதனால் 175 என்பது "சரியான எடை" மாதிரி ஆகிவிட்டது. அது உச்சவரம்பு, அவ்வளவுதான். டிரைவர் 150 முதல் 160 வரை, மிட்ரேஞ்ச் (டிரைவருக்கும் புட்டருக்கும் நடுவிலான தட்டு) 165 பக்கம் என்று எடுத்தால் புதியவருக்குத் தோள் வலிக்காது. புட்டர் கொஞ்சம் கனமாக இருந்தாலும் பரவாயில்லை, அதை யாரும் பலமாக எறிவதில்லை.

விளிம்பின் அகலத்தை யாருமே சொல்லவில்லை, எனக்கு அதுதான் பெரிய விஷயமாக இருந்தது. ஸ்பீட் கூடக்கூட விளிம்பு அகலமாகிக்கொண்டே போகும். டெஸ்ட்ராயரின் விளிம்பு 2.2 சென்டிமீட்டர். என் விரல்கள் அதன் உள்சுவரைச் சரியாகத் தொடுவதே இல்லை, நுனியால் கவ்விக்கொண்டிருந்தேன். எறியும் நேரத்தில் பிடி நழுவும், நழுவக்கூடாதென்று இன்னும் இறுக்குவேன், இறுக்கினால் முன்விளிம்பு மேலே தூக்கிக்கொள்ளும், தூக்கினால் தட்டு ஏறி நின்று விழும். என் மணிக்கட்டைப் பற்றி அவர் சொன்ன குறைகளில் பாதி உண்மையில் இந்த விளிம்பின் குறை. புட்டரில் விளிம்பு இதில் பாதி அகலம் இருக்கும், கைக்கு அடக்கமாக உட்கார்ந்தது. 1983-ல் டேவ் டுனிபேஸ் ஈகிள் என்ற டிஸ்க்கில் விளிம்பைச் சாய்வாகச் சீவி வார்த்த பிறகுதான் இந்தக் கூர்மையான, வேகமான தட்டுகள் எல்லாம் வந்தன. அதற்கு முன் ஆடியவர்கள் கிட்டத்தட்ட ஃப்ரிஸ்பியைத்தான் எறிந்துகொண்டிருந்தார்கள். சின்ன வயதில் ஃப்ரிஸ்பி எறிந்த கை எல்லாருக்கும் இருக்கிறது. அந்தக் கைக்கு முதலில் பழகுவது புட்டரும் மிட்ரேஞ்சும்தான்.

அதனால் பெட்டியில் சுற்றிக் கொடுத்து ஆச்சரியப்படுத்துவதைவிட, கடைக்குக் கூட்டிப்போய்க் கையில் பிடித்துப் பார்க்கச் சொல்லுங்கள். புட்டர்களில் சிலவற்றுக்கு அடிவிளிம்பில் ஒரு சின்ன வளையம் மாதிரித் துருத்திக்கொண்டிருக்கும், பீட் என்பார்கள். சிலருக்கு அது பிடிமானம், எனக்கு உறுத்தல். தொட்டுப் பார்க்காமல் யாருக்கு எது என்று சொல்லவே முடியாது.

கடைசியில் என் பையில் தங்கியவை மூன்றே மூன்று. வளையம் இல்லாத ஒரு புட்டர். மிட்ரேஞ்சில் மாக்கோ3: 5, 5, 0, 0. எண்களைப் பார்த்தாலே தெரியும், எப்படி விடுகிறேனோ அப்படியே போகும், தன் பங்குக்கு எந்தப் பக்கமும் இழுக்காது. அப்புறம் டிரைவர் என்று சொல்லிக்கொள்ள லெப்பர்ட்: 6, 5, -2, 1. மெதுவான கைக்கும் கொஞ்சம் வலப்பக்கம் சாய்ந்து, கடைசியில் லேசாக இடப்பக்கம் வந்து, கூட்டிக் கழித்தால் நேராகப் போய் நிற்கும். என் தோழி ஒருத்தி லாட்டிட்யூட் 64 நிறுவனத்தின் டயமண்ட் வைத்திருக்கிறாள்: 8, 6, -3, 1. ஸ்பீட் எட்டு என்றாலும் புதியவர்களுக்கென்று லேசாகவே வார்க்கிறார்கள். அது எனக்கும் நன்றாகவே போகிறது. டிஸ்க்ராஃப்ட் நிறுவனத்தின் பஸ் (Buzzz) என்ற டிஸ்க் பற்றியும் கேள்விப்படுவீர்கள், நல்ல மிட்ரேஞ்ச், ஆனால் முடிவில் கொஞ்சம் இடப்பக்கம் இழுக்கும். பெயர்களை மனப்பாடம் செய்ய வேண்டாம். முதல் எண் ஏழுக்குள், மூன்றாவது எண் பூஜ்யம் அல்லது மைனஸ், நான்காவது எண் ஒன்றுக்குள் என்று தேடினால் எந்தக் கம்பெனியிலும் ஏதாவது கிடைக்கும். இந்த எண்களை அந்தந்தக் கம்பெனியே போட்டுக்கொள்கிறது, ஒருவர் சொல்லும் மைனஸ் ஒன்று இன்னொருவரின் பூஜ்யமாக இருக்கலாம். அந்த அளவுக்கு நம்பினால் போதும்.

பிளாஸ்டிக் விஷயத்தில் மலிவானதுதான் புதியவருக்கு நல்லது. சொன்னால் கஞ்சத்தனம் மாதிரித் தெரியும். விலை கூடிய பிளாஸ்டிக் மரத்தில் மோதினாலும் வருடக்கணக்கில் அப்படியே இருக்கும். அதன் இடப்பக்க இழுப்பும் அப்படியே இருக்கும், பல டிஸ்க்குகளில் மலிவு ரகத்தைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே இருக்கும். இன்னோவாவின் டிஎக்ஸ் மாதிரியான அடிப்படை ரகம் கையில் நன்றாக ஒட்டும். மரத்தில் பட்டுப் பட்டு விளிம்பு தேயத் தேய, தட்டு இன்னும் நேராக, அப்புறம் வலப்பக்கமாகப் போக ஆரம்பிக்கும். பலமாக எறிகிறவர்களுக்கு அது தொல்லை, மெதுவாக எறிகிறவர்களுக்கு வரம். யாரோ அடித்துத் தேய்த்த பழைய லெப்பர்ட் கிடைத்தால் யோசிக்காமல் வாங்குங்கள். தொலைந்தாலும் வயிறு எரியாது. புட்டர், மிட்ரேஞ்ச், டிரைவர் என்று மூன்றும் சேர்த்து மலிவு பிளாஸ்டிக்கில் ஆரம்பப் பொட்டலமாக விற்கிறார்கள். என் முதல் பையின் விலையில் அதில் சில வாங்கியிருக்கலாம்.

டிஸ்க் மாறிய பிறகு ஆட்டத்தின் போக்கையும் நானே கொஞ்சம் மாற்றிக்கொண்டேன். புதியவர்களுக்கான கிட்ட டீ இருந்தால் கூச்சப்படாமல் அங்கிருந்து எறிகிறேன். எண்ணிக்கை போடுவதில்லை. சில நாள் இருவரும் ஒரே அணியாக ஆடுகிறோம்: இரண்டு பேரும் எறிந்து, எது நல்ல இடத்தில் கிடக்கிறதோ அங்கிருந்து மறுபடி இரண்டு பேரும் எறிவது. அவர் எறி மரத்தில் பட்டுத் திரும்பி வரும் ஹோலில், நேராகப் போய்க் கிடக்கிற என் தட்டுக்கு இருக்கிற மரியாதையே தனி. நான் கேட்டால் ஒழிய பாடம் நடத்தக்கூடாது என்றும் சொல்லிவிட்டேன். முதலில் அவர் வாயை அடக்கப் பட்ட பாட்டைப் பார்க்க வேண்டும்.

அடுத்த டிஸ்க் எப்போது வாங்கலாம் என்பதையும் பையில் இருக்கிற டிஸ்க்கே சொல்லிவிடும். புதிதாக, தேயாமல் இருக்கிற லெப்பர்ட் நீங்கள் தரைக்கு இணையாக எறியும்போதும் வலப்பக்கம் புரண்டு திரும்பி வராமலே தரைக்குப் போனால், கை அந்தத் தட்டைத் தாண்டிவிட்டது என்று அர்த்தம். அப்போது அதே ஸ்பீடில் டர்ன் குறைந்த ஒன்றோ, இன்னும் ஒரு படி வேகமான ஒன்றோ எடுக்கலாம். எனக்கு இன்னும் அது நடக்கவில்லை, நடக்க வேண்டுமென்ற அவசரமும் இல்லை.

டெஸ்ட்ராயரை அவரே எடுத்துக்கொண்டார். மிச்சம் இருந்த ஒரு டிரைவரையும், கடைக்காரர் தலையில் கட்டிய அந்த லேசான டிஸ்க்கையும் பழைய பொருளாக விற்றேன். கீறல்கூட இல்லாத தட்டுகள், இருந்தும் உள்ளே பெயரும் நம்பரும் எழுதியிருந்ததால் பாதி விலைகூடத் தேறவில்லை. அதனால் பெயர் எழுதச் சொன்னேனே, அதை இரண்டு மூன்று முறை எறிந்து பார்த்து, இது நம்மிடம்தான் இருக்கப்போகிறது என்று தெரிந்த பிறகு எழுதுங்கள்.